நிலாவிடம் ஒரு கேள்வி

ஊரிகம்
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். அப்பாவும் நலம், பக்கவாதத்தில் விழுந்த வலது கைதான் இன்னும் எழவில்லை. போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், அதனால்தான் மெயில்.

இத்துடன் என் கம்ப்யூட்டர் விளையாட்டை அனுப்பியிருக்கிறேன். அப்பா மதியம் தூங்கும் இரண்டு மணி நேரத்தில், மூன்று வருடமாக ஒருத்தியாகச் செய்தது. படம், கதை, வசனம் எல்லாம் நானே. பூமிக்கடியில் பாம்பரசன் ஆளும் ஊரில் மாட்டிக்கொண்ட இளவரசன் நீ. விளக்கோடு வழிகாட்டும் நிலா என்ற பெண் உன் துணை. கடைசியில் ஒரு கேஜ் வரும். நம் ஊர் தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கிய அதே கேஜ்தான்: கீழே ஒருவர் நின்று மணியடித்தால்தான் மேலே ஏறும்.

இதைப் பார்த்துவிட்டு பெங்களூரில் ஒரு கம்பெனி வேலை தருகிறது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேரணும். முதல் மூன்று மாதம் தினமும் நேரில் போகணும், பிறகு வீட்டிலிருந்தே செய்யலாம். காலை ரயிலில் போனால் இருட்டிய பிறகுதான் திரும்ப முடியும். நீ வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். மூன்று மாதம் இங்கே வந்து அப்பாவோடு இருப்பாயா? ஜூலை இருபதுக்குள் அவர்களுக்குச் சொல்லணும்.

விளையாடிப் பார்த்துக் குறை சொல். பாராட்டு வேண்டாம், அதில் நீ கெட்டிக்காரன்.

அன்புத் தங்கை
வாணி

டப்ளின்
30 ஜூன் 2024

அன்புள்ள வாணிக்கு,

மூன்று வாரம் பதில் போடாததற்குத் திட்டாதே. விளையாட்டை ஒரே மூச்சில் முடித்தேன். பாம்பரசனிடம் நாலு தடவை செத்தேன், உன் அண்ணி மேகனா விழுந்து விழுந்து சிரித்தாள். நிலா மணியடிக்க, நான் கேஜில் ஏறி வெளிச்சத்துக்கு வந்தபோது அழுதேவிட்டேன். முடிவு பிரமாதம்.

அப்பாவைப் பார்க்க எனக்கும் ஆசைதான். இங்கே ப்ராஜெக்ட் முடிகிற நேரம். டிசம்பரில் இரண்டு வாரம் கண்டிப்பாக வருகிறேன். கம்பெனியில் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லிப் பாரேன். உன் திறமைக்குக் காத்திருப்பார்கள்.

குறை ஒன்றுமில்லை.

உன் அண்ணன்
ஹரிஷ்

ஊரிகம்
3 ஜூலை 2024

அண்ணாவுக்கு,

கேட்டேன். காத்திருக்க மாட்டார்களாம். டிசம்பர் எனக்கு எதற்கும் உதவாது. கோபம்தான், மறைக்கவில்லை. காய் வாங்கக் கால் மணி நேரம் போனாலும், "இன்னா வாணி, எங்க போன? எவ்ளோ நேரமா கூப்புடறேன்" என்கிறார் அப்பா. தானாக பாத்ரூம் போக முடியாதவர், அவர் மேல் தப்பில்லை. ஆள் வைத்தும் பார்த்தாயிற்று. வந்த இரண்டு பேரும் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

விளையாட்டில் ஒரு வழியை விட்டுவிட்டாய். மணிக்கயிற்றுப் பக்கத்தில் நிலாவிடம், "உனக்கு எங்கே போகணும்?" என்று கேட்டுப் பார். கேட்டால்தான் அது திறக்கும். பக்கத்து வீட்டு டைட்டஸ் அங்கிள் முதல் தடவையே கேட்டார்.

வாணி

டப்ளின்
17 ஜூலை 2024

அன்புள்ள வாணிக்கு,

நீ சொன்னபடியே கேட்டேன். "நீ போ, நான் அடிக்கிறேன்" என்று இளவரசன் நிலாவிடம் சொல்வதாக வந்தது. நான் மணியடித்தேன், நிலா ஏறிப் போனாள். அப்புறம் திரை கறுப்பாகிவிட்டது. பத்து நிமிடம் காத்திருந்தேன், ஒன்றுமே வரவில்லை. ப்ரோக்ராமில் எங்கேயோ தப்பு இருக்கிறது, சரிசெய்துவிடு. குறை சொல்லச் சொன்னாயே, இதோ ஒன்று.

அப்பாவுக்குப் புது வீல்சேர் ஆர்டர் போட்டிருக்கிறேன். உனக்கும் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

ஹரிஷ்

ஊரிகம்
20 ஜூலை 2024

அண்ணாவுக்கு,

வீல்சேர் வந்தது. "எம் புள்ள அனுப்சான்" என்று நம் லைன் வீட்டு வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார் அப்பா. அவர் இவ்வளவு சிரித்து நாளாயிற்று.

வரமுடியாது என்று கம்பெனிக்கு இன்று காலை எழுதிவிட்டேன்.

திரை கறுப்பானது தப்பு இல்லை. நிலா மேலே போனால் என்ன பார்ப்பாள் என்று எனக்கே தெரியாது. ஆகஸ்டில் வேலைக்குப் போனபின் எழுதலாமென்று காலியாக விட்டிருந்தேன்.

இப்போது சரிசெய்துவிட்டேன். அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டேன். இனி நிலாவிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது, மணியை மட்டும் அடிப்பாள். புதுப் பிரதி இத்துடன் இருக்கிறது. விளையாடிப் பார், இந்தத் தடவை எங்கேயும் நிற்காது.

வாணி