ஊஞ்சலுக்கு அடியில் நடாத செடிகள்

அன்பே,

உப்சாலாவில் உன் தங்கை வீட்டிலும் குளிர் வந்திருக்கும். இங்கே நான் நட்ட ஜூனிப்பர் புதர்ச்செடி நன்றாகப் பிடித்துக்கொண்டது. இரண்டே வருடத்தில் கிளைகள் தரையோடு படர்ந்து ஒன்றையொன்று தொட்டுவிட்டன. களை எடுக்கும் வேலையே இல்லை.

நம் மகள் துவா விளையாடிய புல்தரையைக் கொத்திப் புரட்டி நான் இதை நட்ட அன்று, "எம்பொண்ணு ஓடின இடத்தையே மூடிட்டீங்களே" என்று சொல்லிவிட்டு நீ கிளம்பினாய். ஏன் மூடினேன் என்று இப்போது சொல்கிறேன். அவளை அடக்கம் செய்த பிறகு வந்த கோடையில், சனிக்கிழமைதோறும் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போவேன். ஊஞ்சல் பக்கம் வந்ததும் என்னையறியாமல் அதை நிறுத்தி, "தள்ளிப் போம்மா" என்பேன். அதற்குமேல் அந்தப் புல்லை வெட்ட என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

நேற்று பக்கத்து வீட்டு குன்வோர் வேலிக்கு அப்பால் நின்று கேட்டாள்: "ஊஞ்சலுக்கு அடியில மட்டும் ஏன் வெறுமனே விட்டிருக்கீங்க? அஞ்சு செடி தொட்டியிலயே கெடக்குதே!"

"அதுக்கு துவாவோட அம்மாவைக் கேக்கணும்" என்றேன்.

அவள் உள்ளே போய், சுடச்சுட ஏலக்காய் ரொட்டி கொண்டுவந்து தந்தாள். வேலியோரம் நின்றபடியே தின்றேன்.

மண் உறைய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அங்கே நடுவதா, விட்டுவிடுவதா என்று நீ வந்து சொல். வர மனமில்லை என்றால் ஒரு வரி எழுது. எது சொன்னாலும் செய்கிறேன். இந்த முறையும் என்னைத் தனியாக முடிவெடுக்க மட்டும் விடாதே.

உன் வீட்டுக்காரன்