மொட்டை மாடியில் ஒரு தூண்டில்

என் மலருக்கு,

நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. கடலூர் ஆபீசில் உன் நாற்காலியில் புதிதாக ஒரு பெண் உட்காருகிறாள். நல்ல பெண்தான். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னோடு சேர்ந்து செல்போனில் தூண்டில் வீடியோ பார்க்க மாட்டாள்.

நமக்கு எப்படி அந்தப் பைத்தியம் பிடித்தது? யாரோ ஒரு வெளிநாட்டுக்காரி கடலுக்குள் நின்றுகொண்டு, இறகு கட்டிய முள்ளைக் காற்றில் சுழற்றி வீசிய வீடியோ. புழு வேண்டாம், இறால் வேண்டாம், பிடித்த மீனையும் விட்டுவிடலாம். "அக்கா, இது உங்க சைவ வீட்டுக்குன்னே செஞ்சது" என்று சிரித்தாய்.

என்ன ஆராய்ச்சி செய்தோம்! கடல் காற்றுக்கு ஈடுகொடுக்கக் கனமான எட்டாம் நம்பர் தூண்டில் ராடு. உப்புத் தண்ணீர் உள்ளே போகாதபடி மூடிய ரீல். குளிர்நாட்டு நூல் நம் வெயிலில் பிசுபிசுத்துத் தொய்ந்துவிடும், வெக்கை ஊருக்கென்று செய்ததுதான் வேண்டும் என்று கண்டுபிடித்தது நீதான். வாங்குவதற்குள் டெங்கு உன்னைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

இங்கே நடப்பதைக் கேள். நான் அழுவதைப் பொறுக்காமல் என் வீட்டுக்காரர் ஒரு செட் வாங்கி வந்தார். நாலாம் நம்பர். ஓடையில் குட்டி மீன் பிடிக்கிற ராடு. லேடீஸுக்கு லேசாக இருக்கட்டுமாம். முள்ளைக் கழற்றிவிட்டுச் சிவப்பு உல்லன் நூலைக் கட்டி, "மாடியில வீசு, யாரு வேணாங்கறா?" என்றார்.

அன்றிலிருந்து சிதம்பரத்தில், கோயிலை ஒட்டிய எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான் மீன் பிடிக்கிறேன். உல்லன் போய்ப் பக்கத்து வீட்டு வடாம் துணியில் மாட்டும். அந்த மாமி சிரித்துக்கொண்டே எடுத்துவிடுவார். யாருமே என்னைத் தடுக்கவில்லை, மலரு. அதுதான் மூச்சு முட்டுகிறது. தடுத்தால் சண்டையாவது போடலாம்.

கடலுக்குப் போகணும் என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "விட்டுடறதுக்கு எதுக்கும்மா புடிக்கணும்?" என்றார் மாமியார். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

போன வாரம் நானே கேட்காமல் கொள்ளாமல் எட்டாம் நம்பர் வாங்கிவிட்டேன். வீடே உம்மென்று இருந்தது. நேற்று மாமியார் இறங்கி வந்தார். "சரி, ஞாயித்துக்கிழமை போயிட்டு வா. வெளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடு." இவர் கூடவே வந்து எனக்குக் குடை பிடிக்கப் போகிறாராம்.

"வேணாங்க, நான் மட்டும் போறேன். அன்னிக்கி ஒரு நாளு வெளக்கை நீங்களே வையுங்க அத்தை" என்றேன். மாமியார் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் நான் சொன்னதை மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பரங்கிப்பேட்டைக்குப் பஸ் ஏறுவேன். வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்பேன். ஒரு மீன்கூடச் சீண்டாமல் போகலாம். போகட்டும். இருட்டும்வரை கரையேற மாட்டேன், இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
சுமதி