சக்கரத்துக் கட்டைகள்

என்னங்க,

காலையில் சாப்பிட உட்கார்ந்தது மூன்று பேர். நான் அடுப்புப் பக்கம், உங்கள் தம்பி சன்னலோரம். பாப்பா, பழைய பிக்கப்பிலிருந்து நீங்கள் கழற்றிச் சமையலறையில் போட்ட நீள இருக்கையின் ஓரத்தில்.

"நடுவுல உக்காருடி" என்றேன்.

"அங்க டிரைவர் மாமா இருக்காரும்மா."

உங்கள் தம்பி சிரித்தார். "இன்னும் எஞ்சினே மாட்டல, அதுக்குள்ள டிரைவர் வந்தாச்சா அண்ணி?"

"எஞ்சின் வேணாமாம் சித்தப்பா. கேட் வரைக்கும் இறக்கம்தானே, அப்படியே உருட்டிட்டுப் போலாம்னாரு. இன்னைக்கே."

நேற்று நீங்கள் புதுப் பஞ்சு வைத்துத் தைத்த இடத்தில், ஆள் உட்கார்ந்த அளவுக்குப் பள்ளம்.

பிக்கப் நிற்கும் கொட்டகைக்கு ஓடினேன். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்த நான்கு கட்டைகளும் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. கை பிரேக் மட்டுமே வண்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தது. தம்பியும் நானும் திரும்ப வைத்தோம்.

கட்டைகளை எடுத்தது நீங்கள் என்றால் போன் செய்யுங்கள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டேன், அதோடு சரி. இல்லையென்றால், அந்த இருக்கை வீட்டை விட்டுப் போகும்வரை பாப்பாவும் நானும் அக்கா வீட்டில்தான். அது வீட்டுக்குள் வேண்டாம் என்று நேற்று நான் கத்தியது இதற்குத்தான்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். இதை வாசல் கேட்டில் சொருகிவிட்டுக் கிளம்புகிறோம்.

(உறையின் மேல்)

ஒட்டிவிட்டேன், அதனால் வெளியிலேயே எழுதுகிறேன். இப்போதுதான் அந்தப் பள்ளம் மெல்ல மேலே எழும்பியது, உட்கார்ந்திருந்தவர் எழுந்து போனதுபோல.

கேட்டைத் திறக்காதீர்கள். பின்பக்கமாக வாருங்கள்.