காலி செய்யச் சொன்ன வீடு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உடம்பளவில் சௌக்கியம், நீயும் மருமகளும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மருத்துவர் நடக்கச் சொன்னதை மட்டும் கேட்காமல் தெருவில் உள்ள எல்லோருக்கும் நடைப்பயிற்சியின் நன்மையை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் அக்காவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. நல்ல செய்தி இதோடு முடிந்தது. தொலைபேசியை நான் பாதியில் வைத்துவிட்டேன் என்று அப்பாவிடம் வருத்தப்பட்டாயாம். பேசினால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து முழுவதும் படி.

எங்கள் உதவி மையத்தைப் பற்றி நான் அதிகம் சொன்னதில்லை, நீயும் கேட்டதில்லை. வீடில்லாதவர்களுக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுப்பது வேலை என்று பெயர், உண்மையில் இடமில்லை என்பதை மரியாதையாகச் சொல்வதுதான் வேலை. முன்பெல்லாம் குடித்துக் கெட்டவர்களும் வீட்டில் சண்டை போட்டு வந்தவர்களும் வருவார்கள். இப்போது வேலையில் இருப்பவர்களே கழுத்தில் அடையாள அட்டை தொங்க, மதிய இடைவேளையில் அனுமதி கேட்டுக்கொண்டு வருகிறார்கள், நாற்காலி போதாமல் மாடிப்படியில் உட்காருகிறார்கள். மேலாளர் அறிக்கையில் ‘தேவை அதிகரித்துள்ளது’ என்று எழுதச் சொன்னார், ஏதோ இந்த வருடம் மழை அதிகம் என்பது போல. யார் வெளியே தள்ளினார்கள் என்று அந்த அறிக்கையில் ஒரு வரி கிடையாது. போர்வை கொடுப்பவர்கள் மட்டும் புகைப்படக்காரரோடு தவறாமல் வந்துவிடுகிறார்கள்.

போன வாரம் பள்ளி வேன் ஓட்டுகிறவர் ஒருவர் வந்தார். மனைவி இறந்துவிட்டாள், பத்தாவது படிக்கும் ஒரே மகள். வாடகை பாக்கி எதுவும் இல்லாமலே மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம், அவர் சம்பளத்துக்கு வேறு வீடு அமையவில்லை. தலைக்கு மேல் கூரை இருக்கும் வரை ஒருவர் வீடில்லாதவர் ஆகமாட்டார் என்பது எங்கள் விதி, அதனால் காலி செய்துவிட்டு வாருங்கள் என்றேன். “அப்ப சாமானெல்லாம் ரோட்டுல எறக்கி வச்சாத்தான் நம்புவீங்களாம்மா?” என்றார். இறக்கி வைத்தாலும் என்ன கிடைக்கும்? ஆண்கள் விடுதியில் மகளைச் சேர்க்கமாட்டார்கள், பெண்கள் விடுதியில் அப்பாவை வாசல் தாண்ட விடமாட்டார்கள், அப்பாவும் மகளும் சேர்ந்து இருக்க எங்களிடம் ஓர் அறைகூட இல்லை. “பரீட்சை முடியிற வரைக்குமாவது அவள என்கூட வச்சிக்க முடியாதாம்மா?” என்று கேட்டார். பக்கத்து மேசைக்காரி, வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர் வாங்கியவள், அவரைச் சிரிக்க வைக்க நினைத்து, “வேன்லயே குடித்தனம் பண்ணுங்கண்ணே, வேளாவேளைக்கு ஊர்வலம் போகலாம்” என்றாள். “அதையும் யோசிச்சேங்க. சாயங்காலமானா வண்டிய முதலாளி வீட்டுல விட்டுரணும்” என்றார் அவர். ரேடியோ அன்று முழுவதும் பேசவில்லை.

பிறகு முகவரி கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்த என் கை பாதியில் நின்றது. அது உன் வீடு. குடிவைத்தது தரகர் என்பதால் வேன்காரரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

தரகரிடம் போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். “ஐயோ மேடம், தம்பிதான் சொன்னாரு. ஊர் சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு விட்டா நல்லா வரும்னாரு. என்னை ஏன் முறைக்கிறீங்க?” என்றார். அதன் பிறகுதான் உன்னை அழைத்தேன். நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? “இது பிசினஸும்மா, சென்டிமென்ட் பாக்காதீங்க. அவங்களுக்குத்தான் உங்க ஆபீஸ் இருக்கே.” இருக்கிறது. நீ வெளியே தள்ளுகிறவர்களிடம் இடமில்லை என்று சொல்ல உன் அம்மா அங்கே உட்கார்ந்திருக்கிறாள், எவ்வளவு வசதி. வீடற்றோருக்கு நிதி திரட்ட அங்கே வெளிநாட்டில் நடந்த ஓட்டத்தில் நீ ஓடிய படத்தை அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். நல்லது, இங்கிருந்து ரொம்ப தூரம் ஓடியிருக்கிறாய். நீ கொடுமைக்காரனாக இருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. கைப்பேசியில் ஒரு வரி தட்டி அனுப்பிவிட்டு, அந்த வீட்டில் இருப்பது யார் என்றுகூடக் கேட்காமல் காபி குடிக்கப் போயிருக்கிறாய், அதுதான் தாங்கவில்லை.

வீடு வாங்கியபோது வர முடியாது என்று எனக்கு நீ எழுதிக்கொடுத்த பவர் பத்திரம் இன்னும் செல்லும். அதை வைத்து நேற்று வேன்காரருக்குப் பழைய வாடகைக்கே புது ஒப்பந்தம் போட்டுக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது சரியா என்று கேட்பாய். நீ அவரைக் கேட்டாயா? பவரை ரத்து செய்ய உனக்கு உரிமை இருக்கிறது, செய்துகொள். ஆனால் அவர்களை வெளியே போகச் சொல்லத் தரகரை அனுப்பாதே. நீயே வந்து கதவைத் தட்டு. அந்தப் பெண்தான் திறப்பாள், அவளிடமே சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, அக்காவை அழைத்து வாழ்த்துச் சொல். தரகருக்கு இன்றே நிறுத்தச் சொல்லிச் செய்தி அனுப்பு, மறக்காதே. நான் யார் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதுதான் வேன்காரருக்குத் தெரிந்தது. “விசயம் காதுக்குப் போனதும் உங்க பையன் தடுத்துட்டாரு பாத்தீங்களா, புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்மா” என்றார். தடுத்தது நீ இல்லை என்று நான் திருத்தவில்லை. வழக்கமாகக் கடிதத்தின் கடைசியில் எழுதும் ஆசியை இந்த முறை என்னால் எழுத முடியவில்லை, அவருடையதையே அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா