படலையில் நின்ற அம்மா

லண்டன்,
12.11.1993

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா? எதையும் ஒளிக்காமல் எழுதச் சொன்னீர்கள். அப்படியே எழுதுகிறேன்.

கல்லூரிக் கணினியில் ஒரு விளையாட்டு இருக்கிறது. படமில்லை, எழுத்து மட்டும். பல ஊர்ப் பிள்ளைகள் தொலைபேசி இணைப்பில் சேர்ந்து விளையாடுவார்கள். அதிலிருந்த கோட்டையை எங்கள் நெடுந்தீவாக மாற்ற ஆசிரியர் என்னை விட்டார். மதில்களைக் கல்வேலி ஆக்கினேன். வாசற்காவலனின் இடத்தில், எங்கள் படலையில் உங்களை நிறுத்தினேன். "தேத்தண்ணி குடிக்காமல் ஒருத்தரும் போகேலாது" என்று மறிப்பீர்கள்.

ஆனால் காவலனை வெட்டினால் வழி திறக்கும் என்ற பழைய விதியை மாற்ற மறந்துவிட்டேன். நேற்று யாரோ வெட்டிவிட்டார்கள். 'அம்மா இறந்துவிட்டாள்' என்று திரையில் வந்தது. நான் அழ, சித்தியின் மகள் சறோ சிரித்தாள். "விசரி, உது வெறும் எழுத்தடி! பெரியம்மா அங்கை மாட்டுக்குத் தண்ணி வைச்சுக்கொண்டு நிப்பா."

விதியை இன்று மாற்றிவிட்டேன். இனி உங்களை யாரும் வெட்ட முடியாது.

ஆவணிக்குப் பிறகு உங்கள் கடிதம் ஒன்றும் வரவில்லை. நீங்கள் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைக்கும் ஒடியல் கொஞ்சம் அனுப்புங்கள். முடியாவிட்டால், உங்கள் கையால் என் விலாசம் எழுதி வெறும் உறையையாவது போடுங்கள்.

கணினி அறையைப் பூட்ட வந்துவிட்டார்கள்.

உங்கள் மகள்,
தவமலர்

விளக்கை அணைத்துவிட்டார்கள்.