தொட்டியில் விழுந்த சத்தம்

பெருநகர் கிராமம்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் வளர்மதிக்கு நைனா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, கறவை மாடு மூவரும் நலம். நீயும் நலமாயிருப்பாய் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அந்த விஷயத்தில் உன் பேச்சை இனி நம்புவதாக இல்லை.

ஊரார் சொல்வதற்குள் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை மதியம் நீ வழக்கம்போலக் கூப்பிட்டு, மோட்டார் ஓடுதா நைனா, தண்ணி கொட்ற எடத்துல போனை வெச்சிட்டுப் போ என்றாயே, அப்போது பம்புசெட் தொட்டிமேல் ஏறினேன், பாசி வழுக்கி உள்ளே விழுந்தேன். இடுப்புத் துண்டு தனியாக மிதந்தது, போனை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேன். சத்தம் நன்றாகக் கேட்கிறது என்று நீ சந்தோஷப்பட்டாய், அது நான் விழுந்த சத்தம். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களெல்லாம் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். “இன்னாண்ணா, போனுக்குக் கற்பூரம் காட்டிக்கினு கீறியா?” என்று கேட்ட அம்முலு, சிரித்து ஓய்ந்ததும், “பாவம் பாப்பா, அந்தத் தண்ணி சத்தத்தக் கேட்டாத்தான் அதுக்கு நெஞ்சு படபடப்பு அடங்குதாமே, அக்கா சொல்லிச்சு” என்றாள்.

அக்கா என்றால் உன் அம்மா. நீ நாலு மாதமாக மனநல டாக்டரிடம் போவது அம்முலுவுக்குத் தெரியும், நட வந்த அத்தனை பேருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. நானோ, என் பொண்ணு பெங்களூரில் உட்கார்ந்தபடியே மோட்டாரைக் கவனிக்கிறாள், சீக்கிரம் பயிர் வைக்க வந்துவிடுவாள் என்று டீக்கடையில் அளந்துகொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சு வேதகிரி டீயை ஊதுவதுபோலச் சிரிப்பை மறைத்தது இப்போதுதான் புரிகிறது. உன் அம்மாவை நிற்க வைத்துக் கேட்டேன். “உன்னாண்ட சொன்னா நீ டீக்கடையில மைக்கு கட்டிடுவ, கொழந்த அதுக்குத்தான் பயந்துச்சு” என்றாள். அது உண்மை என்பதால் இன்னும் வலித்தது. வயிற்றில் சுமந்து பெற்றவள் அவள்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன் நான்தானே.

உன் ஜன்னலுக்கு நேராக மேம்பாலம் கட்டுகிறார்களாம், விடிய விடியக் கம்பி அறுக்கிறார்களாம், வேலைக்குப் போக இரண்டு மணி நேரம் வர இரண்டு மணி நேரமாம், இப்போது ஹாரன் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாயாம். அந்தப் பாலத்தின் போட்டோவைத்தான் நான் ஊரெல்லாம் காட்டிப் பெருமையடித்தேன். டாக்டர் சொன்னபடி முதலில் வீட்டை மாற்று. முடியாவிட்டால் லீவு போட்டு வா, காரணம் கேட்பவர்களுக்கு மாம்பழம் தின்ன வந்திருக்கிறாள் என்பேன், மாம்பழக் காலம் முடிந்துவிட்டாலும் பரவாயில்லை. இனிமேல் கூப்பிட்டால் மோட்டாரை விசாரிக்காதே. நெஞ்சு எப்படியிருக்கிறது என்று முதலில் சொல், அப்புறம் தண்ணீர்ச் சத்தம் கேட்க வைக்கிறேன். டீக்கடைக்கு இரண்டு நாளாக நான் போகவில்லை.

பெருநகர் சாமி உன்னை நிம்மதியாகத் தூங்க வைக்கட்டும். மாத்திரையை நீயாக நிறுத்தாதே. அதைப் போட்டால் தலை சுற்றும், மாடிப்படியில் கம்பியைப் பிடித்து இறங்கு.

உன் மேல் கோபம் தீராத
நைனா தாமோதரன்

பின்குறிப்பு: தொட்டியில் பாசி இல்லை, போன வாரம்தான் தேய்த்துக் கழுவினேன். செங்கல்பட்டு டாக்டர் எனக்கும் அதே மாதிரி மாத்திரை கொடுத்து ஐந்து மாதமாகிறது. அம்மாவிடம் சொல்லிவிடாதே.