துப்பாக்கிப் படத்தில் ஒரு குடுமி

1974 ஜூலை 9, செவ்வாய். கும்மிடிப்பூண்டி

காலையிலேயே வெயில். பாதி கட்டிய ஃபாக்டரி ஷெட்டில் ஷூட்டிங். தகரக் கூரை. டோப்பா ஒட்டும் கோந்து இளகி வழிகிறது.

கதை இதுதான்: நாலு காலேஜ் பையன்கள் லேத்துப் பட்டறையில் கள்ளத் துப்பாக்கி செய்து விற்கிறார்கள். அதில் ஒருவன் அர்ச்சகர் வேஷம் போட்டு, புளியோதரைத் தூக்கில் வைத்துக் கடத்துகிறான். அவனுக்கு நான் கட்டிய குடுமியை டைரக்டர் குளோஸப்பில் பார்த்தார். ஒட்டு தெரிகிறது என்றார், எல்லார் முன்னாலும். எத்தனை ராஜாக்களுக்கு முடி வைத்த கை இது.

வாங்க: ஸ்பிரிட், கொண்டை ஊசி, பல்பொடி.

ஜூலை 10, புதன்

புழுக்கம். அசல் குடுமியே வந்துவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலிருந்து அந்த அர்ச்சகர் வேஷத்துக்கு மானேஜர் பிடித்து வந்த பையன். பெயர் சம்பத். வேப்பம்பட்டுப் பக்கம் ஒரு பெருமாள் கோயில் அர்ச்சகரின் மகன். வீட்டில் ஃபாக்டரியில் அப்ரண்டிஸ் என்று சொல்லியிருக்கிறானாம். பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி வருகிறான், சினிமா ஆசை.

முதலில் எரிச்சல்தான். சீவிவிட்டபோது போய்விட்டது. நல்ல முடி, நல்ல பையன். மரத் துப்பாக்கியைக் கொடுத்தால் தீர்த்தச் சொம்பு மாதிரி இரண்டு கையாலும் வாங்குகிறான்.

டீக்கடைக்காரர் என்னிடம்: "இன்னா சார், கோயில் அய்யரூட்டுப் புள்ள கையில துப்பாக்கியக் குட்துகினு. அவுங்க அப்பாரு பாத்தா பேஜாரு ஆய்டும்."

ஜூலை 12, வெள்ளி

பையன் நன்றாகவே செய்கிறான். டைரக்டர் முதுகில் தட்டினார். அந்த சந்தோஷத்தில் அவனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

சாயங்காலம் வந்தது வினை. கிளைமாக்ஸில் இன்ஸ்பெக்டர் குடுமியைப் பிடித்து இழுக்க, அது கையோடு வரவேண்டும். வேஷம் கலைவதே அதில்தான். இவனுடையதோ தலையில் முளைத்தது. "வெட்டிடு. அதையே ஒட்டி வெச்சு இழுக்கலாம்" என்கிறார் டைரக்டர், என்னைப் பார்த்து.

முடியாது என்றேன். குடுமி போனால் அவன் பெருமாளைத் தொட்டுப் பூஜை செய்ய முடியாது. அண்ணன் பம்பாயில் பாங்க் உத்தியோகம். அப்பாவுக்கு முழங்கால் முடியவில்லை. ஆடி முடிவதற்குள் பூஜையை இவன் ஏற்க வேண்டும், இல்லையென்றால் பங்காளி வந்து உட்கார்ந்துவிடுவான். எல்லாம் பையனே சொன்னது.

என் வழுக்கையில் டோப்பாவைக் கட்டுங்கள், பின்னாலிருந்து எடுங்கள், என் முதுகு நடிக்கட்டும் என்றேன். யூனிட்டே சிரித்தது. யோசிக்கிறேன் என்றார் டைரக்டர். சம்பத் மரத் துப்பாக்கியையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 14, ஞாயிறு

தூறல். இட்லி கல். டைரக்டர் சரி என்றுவிட்டார், என் முதுகே போதுமாம். எனக்குக் குஷி. மிச்சமிருந்த நாலு முடியையும் மழித்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன்.

சம்பத் தலையில் துண்டோடு வந்தான். துண்டை எடுத்தான். பொன்னேரியில் ஒரு சலூனில் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான். நாலு விரல் நீளம்தான் மிச்சம். வெட்டியது ஒரு பொட்டலத்தில்.

ஏண்டா என்று கத்திவிட்டேன்.

"எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு சீன்தான் சார். அதையும் உங்க முதுகுக்குக் குடுத்துட்டா நான் யாரு?"

அறையலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. முடியை ஒட்டினேன். ஒரே டேக். இழுத்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து லைட் பாய்கூடப் பேச்சை நிறுத்திவிட்டான். அது நடிப்பில்லை.

பிறகு மேக்கப் ரூமில் அழுதான், ஆத்துக்கு எப்படிப் போவேன் என்று. அவன் முடியையே சவுரியாகக் கட்டி, மிச்ச முடியோடு சேர்த்து முடிந்துவிட்டேன். இந்தத் தடவை ஒட்டு தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

ஜூலை 18, வியாழன்

ஷெட்யூல் முடிந்தது. பேட்டா பாக்கி. பல்வலி. பையன் நினைப்பாகவே இருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

மனசு கேட்கவில்லை. வேப்பம்பட்டில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். சின்னக் கோயில். கூட்டமில்லை. பிராகாரத்தில் சம்பத் துளசி தொடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. தெரியாதவன் மாதிரி உள்ளே போய் நின்றேன்.

அவன் அப்பாதான் பூஜை, ஒவ்வொரு படிக்கும் நிலையைப் பிடித்துக்கொண்டு. தீர்த்தம் கொடுத்தார். என் மொட்டைத் தலையில் சடாரி வைத்தார். எடுத்தவர் நகரவில்லை, என் சட்டையில் கோந்து வாசனை. என்னையும் பார்த்தார், வெளியே அவனையும் பார்த்தார்.

"சினிமாவா?"

தலையாட்டினேன்.

"நீங்க கட்டினதுதானா அது?"

மறுபடி தலையாட்டினேன்.

குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வந்த அன்னிக்கே தெரியும், குடுமியில இதே கோந்து வாசனை, காதோரம் மேக்கப் மை. பெருமாள்கிட்ட பொய் வேண்டாம்னு உள்ள விடலே, பூ தொடுக்கச் சொல்லிட்டேன். வளரட்டும், அதுவரைக்கும் என் கால் தாங்கும். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்கோ. முடிச்சு தளர்ந்திருக்கு, அவன் அம்மா கண்ல படறதுக்குள்ள இறுக்கிக் கட்டிட்டுப் போங்கோ."